நாளைக்கென வைத்த இன்பம்

மாந்தர் எல்லாரும் ஒருமுகமாக வேண்டுவது இன்பம். கற்றார், கல்லார் என்ற வேறுபாடு இதில் இல்லை. செல்வர், வறியர் என்ற வேறுபாடும் இல்லை. ஆயின், 'நீர் வேண்டும் இன்பத்தை எப்போது நுகரப் போகின்றீர்?' என்று வினவினால், பெரும்பாலோர் தரும் விடை ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். 'மகளுக்கு மணம் முடியட்டும். மகன் வேலையில் அமரட்டும். வீட்டுக் கடன் தீரட்டும். பணி ஓய்வு பெற்றபின் பார்த்துக் கொள்ளலாம்' என்பதே அவ்விடை. கோயிலுக்குச் செல்வதும் பின்னர். நண்பரைக் காணச் செல்வதும் பின்னர். மனைவி மக்களோடு அமர்ந்து மனம்விட்டுப் பேசுவதும் பின்னர். இவ்வாறு இன்பத்தைத் தள்ளிவைத்தலைச் சிக்கனம் போன்றதொரு நற்பண்பாகவே நாம் கருதி வருகிறோம். அது நற்பண்புதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெங்களூர் வாழ் தமிழராகிய நமக்கு இவ்வினா இன்னும் அணுக்கமானது. 1809ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் இங்குப் படைவீடு அமைத்த காலந்தொட்டுத் தமிழர் இந்நகருக்கு வந்த வண்ணம் உள்ளனர். படையோடு வந்தோர் சிலர். படைக்குப் பண்டம் தரும் வணிகராய் வந்தோர் சிலர். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்தோர் பலர். 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954இல் பாரத் மின்னணுத் தொழிற்சாலையும் தோன்றிய பின்னர், கைத்தொழில் கற்ற இளைஞரும் எழுத்தர் பணியினரும் வந்து சேர்ந்தனர். வந்தவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் ஆழ வேரூன்றியது. 'இங்கே இருப்பது பிழைப்பு. ஊருக்குத் திரும்பிய பின்னரே வாழ்வு' என்பதே அது. முப்பது ஆண்டுகள் ஒரே தெருவில் குடியிருந்தும், 'நம் ஊர்' என்று அத்தெருவைச் சொல்ல நாவெழாதவர் நம்மிடையே உண்டு. அவருள் சிலர் ஓய்வு பெற்று ஊர் திரும்பினர். திரும்பியபோது, தாம் விட்டுவந்த ஊர் அங்கே இல்லை. உடன் விளையாடியோர் இல்லை. இங்கோ, மனங்கலந்து பழகியவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. பிழைப்பு முடிந்துவிட்டது, வாழ்வு தொடங்கவே இல்லை. இதனினும் இரங்கத்தக்க நிலை யாது?

இருவகை விடுப்பு

அலுவலக வாழ்வினின்று ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நடுவணரசு ஊழியர்க்கு விடுப்புப் பலவகை உண்டு. அவற்றுள் ஈட்டிய விடுப்பு என்பது சேமிக்கத்தக்கது. 300 நாள் வரை அதனைச் சேர்த்து வைக்கலாம். ஓய்வு பெறுங்கால் அதற்கு ஈடாகப் பணமும் பெறலாம். தற்செயல் விடுப்பு அத்தகையதன்று. ஆண்டுக்கு 8 நாள், டிசம்பர் 31ஆம் நாளுக்குள் துய்த்தால் உண்டு, துய்க்காவிட்டால் இல்லை. அதனை அடுத்த ஆண்டிற்குக் கொண்டு செல்லவும் இயலாது, விற்கவும் இயலாது.

இன்பத்தை நாம் ஈட்டிய விடுப்பு என எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது தற்செயல் விடுப்பு. மூன்று வயதுக் குழந்தை மழலை மொழியும் நாள், அதன் நான்காம் வயதுக்கு எடுத்துவைக்கப் படுவதில்லை. நண்பன் துயருற்றிருக்கும் மாலையில் அவன் அருகே அமராதவர், அடுத்த ஆண்டு சென்று அம்மாலையை அவனுக்குத் தர முடியாது. பணத்தைச் சேமித்தல் அறிவுடைமை. ஏனெனில் இன்று வைத்த பணம் நாளையும் இருக்கும். நாளுக்கு அத்தன்மை இல்லை. சேமிக்கத் தக்கதையும் சேமிக்க இயலாததையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டியதே நம் தவறான கணக்கின் தொடக்கம்.

நரையாத புலவர்

இவ்வினாவிற்கு விடை கூறவல்ல சான்று ஒன்று நம் சங்க இலக்கியத்திலேயே உள்ளது. 1894இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து நமக்கு அளித்த புறநானூற்றில், 191ஆம் பாட்டு பிசிராந்தையார் பாடியது. பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினர் அவர். உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனோடு அவர் கொண்ட நட்பு, நேரிற் காணாமலே முதிர்ந்த நட்பு. பாவேந்தர் பாரதிதாசன் இவர் கதையை நாடகமாக்கினார். அந்நாடகத்திற்கே அவர் மறைவுக்குப் பின் 1969இல் சாகித்திய அக்காதெமி விருது வழங்கப்பெற்றது.

கோப்பெருஞ்சோழன் பெருவேந்தன், எனினும் இல்லத்தில் இன்பம் காணாதவன். பெற்ற மக்களே அவனுக்கு மாறாகப் படைகொண்டு எழுந்தனர். அவர்மேல் போருக்குப் புறப்பட்டவனைப் புலவர் ஒருவர் தடுத்து நிறுத்தினார். அதன்பின் வாழ்வை வெறுத்த மன்னன், உணவு துறந்து வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விடத் துணிந்தான். அமருங்கால், ஆந்தையாருக்கென ஓர் இடம் ஒதுக்கி வைக்குமாறு கூறினான். கண்டறியாத ஒருவர் அத்துணைத் தொலைவிலிருந்து சாவதற்கென வருவாரோ என்று சுற்றியிருந்தோர் ஐயுற்றனர். மன்னன் ஐயுறவில்லை. ஆந்தையாரும் வந்தார்.

வந்தவரைக் கண்டு சான்றோர் வியந்தனர். ஆண்டு பல ஆகியும் அவருக்கு நரை தோன்றவில்லை. காரணம் யாது என்று அவர்கள் வினவ, அவர் கூறிய விடையே அப்பாட்டு. அவர் மருந்து ஒன்றும் கூறவில்லை; தவம் ஒன்றும் கூறவில்லை; செல்வமும் புகழும் கூறவில்லை. மாண்புடைய மனைவி வாய்த்தாள், மக்கள் அறிவு நிரம்பினர் என்று இல்லத்தில் தொடங்குகிறார். ஏவலர் தம் குறிப்பறிந்து நடப்பதையும், அரசன் தீமை செய்யாது காப்பதையும் அடுத்துச் சொல்கிறார். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, தாம் வாழும் ஊரில் கல்வியால் நிறைந்து, அந்நிறைவால் பணிவும் அடக்கமும் கொண்ட பெரியோர் பலர் இருப்பதைச் சொல்லி முடிக்கிறார்.

இவ்விடையை மேலோட்டமாகப் படிப்பவர், 'எல்லாம் நன்கு அமைந்த ஒருவரின் நற்பேறு இது' எனக் கடந்து செல்லக்கூடும். சற்று நின்று நோக்கினால் வேறொன்று புலப்படும். மனைவியும் மக்களும் அயலாரும் எல்லார்க்கும் உண்டு. அவர்களால் தமக்கு விளையும் இன்பத்தை உணர்ந்து, கேட்டவுடன் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்க எத்துணைப் பேரால் இயலும்? நம்மிடம் அதே வினாவை ஒருவர் கேட்டால், குறைகளின் பட்டியலை அன்றோ முதலில் நீட்டுவோம்? ஆந்தையார் தம் இன்பத்தை நாள்தோறும் கண்டவர், கண்டதை மறவாதவர். அதனாலேயே கேட்ட அந்நொடியில் அவரால் சொல்ல முடிந்தது.

மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. இத்துணை நிறைவான இல்லத்தையும் ஊரையும் விட்டு, நண்பனுக்காக அவர் எழுந்து வந்துவிட்டார். இன்பம் துய்ப்பவர் இன்பத்திற்கு அடிமையாவர் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. இங்கோ, நாள்தோறும் நிறைவாகத் துய்த்தவரே எளிதாக விட்டு நீங்கக் காண்கிறோம். தள்ளிவைத்தவர்தாம் விடமாட்டார், 'இன்னும் ஒன்றும் அனுபவிக்கவில்லையே' என்ற ஏக்கம் அவரைப் பற்றிக்கொள்ளும். உண்டு நிறைந்தவன் இலையைவிட்டு எழுகிறான். உண்ணாதவன் இலையைப் பிடித்துக்கொள்கிறான். ஆதலின் இன்பத்தைத் தள்ளிவைத்தல் துறவுக்கு வழி என்று எண்ணுவதும் பிழை. அது பற்றையே வளர்க்கிறது.

இல்லம்

ஆந்தையார் தொடங்கிய இடத்திலேயே நாமும் தொடங்குவோம். இல்லத்து இன்பம் என்பது திருநாளன்று மட்டும் வருவதன்று. மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்ச் சந்தைகளில் அவரைக்காய் வந்து குவிவதை அறிவோம். காயை உரித்துக் கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோல்நீக்கிப் பிதுக்கினால் கிடைப்பது பிதுக்குப் பருப்பு. ஒரு வேளைக் குழம்புக்கே நாழிகைக் கணக்கில் பிதுக்க வேண்டும். தனியொருவர் செய்தால் அது சலிப்பூட்டும் வேலை. வீட்டார் அனைவரும் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்தால், கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வாய் ஓய்வாக இருக்கும். பாட்டி பழங்கதை சொல்வாள். பள்ளியில் நடந்ததைப் பிள்ளை சொல்லும். அலுவலகத்துக் கவலை தானே சிறுத்துப்போம். செலவில்லாத இவ்வின்பம், வேலையை எல்லாரும் பகிர்ந்துகொண்ட இடத்தில் விளைந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

ஏன் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்? இல்லறத்தின் இன்பத்தைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் ஆடவர். அவர் துய்க்கும் இன்பத்தை ஆக்கித் தருபவள் அடுக்களையில் நிற்கிறாள். 2019ஆம் ஆண்டு நடுவணரசின் புள்ளியியல் அலுவலகம் நாடெங்கும் மக்கள் நேரத்தைச் செலவிடும் முறையை ஆராய்ந்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடமே. வீட்டு வேலையில் கையே வைக்காத ஆண்கள் இக்கணக்கில் சேரவில்லை. அவரையும் சேர்த்தால் வேறுபாடு இன்னும் பெருகும். நாள்தோறும் ஐந்து மணி நேரம் நிற்பவளிடம் சென்று, 'அன்றாட வாழ்வில் இன்பம் காண்பாயாக' என்று அறிவுரை கூறுவது முறையாகுமா? ஒருவர் உழைப்பின்மேல் மற்றவர் அமர்ந்து நுகர்வதை இல்லத்து இன்பம் என்று கூற எமக்கு நா எழவில்லை. ஆந்தையார் தம் மனைவியின் மாண்பை முதலிற் சொன்னார். அச்சொல்லில் நன்றி உள்ளது. நம் காலத்தில் அந்நன்றியைச் சொல்லால் மட்டும் செலுத்தினால் போதாது. பாத்திரம் துலக்கும் கையாலும் செலுத்துதல் வேண்டும்.

வேற்று மொழி வழங்கும் நகரில் வாழும் நமக்கு இல்லத்தில் இன்னொரு கடனும் உண்டு. பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கின்றனர். தமிழ் எழுத்தைக் கற்பிக்கப் பலர்க்கு வீட்டைத் தவிர வேறிடம் இல்லை. இதனை ஒரு சுமையாகச் செய்தால் பிள்ளை தமிழை வெறுக்கும். இரவு உணவுக்குப் பின் ஒரு பக்கம் கதை படித்து, 'இந்த எழுத்து எது?' என்று விளையாட்டாகக் கேட்கும் தந்தையிடம் பிள்ளை தானே ஒட்டிக்கொள்ளும். இதற்கும் ஓய்வு பெறும் வரை காத்திருக்க முடியாது. தந்தைக்கு 60 வயது நிரம்பும்போது அப்பிள்ளை வேறொரு நகரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

நட்பு

திருவள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை நட்பிற்கு வகுத்தார். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், தம் மகன் பெயரோடு வழங்கும் அறநூலின் பத்துப் பகுதிகளில் இரண்டை முழுமையாக நட்பிற்கே அளித்தார். பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, பண்பு கருதிய நட்பு என அவர் பகுத்த முறை அறிஞர் அறிந்ததே. அறம் கூற வந்த இருவரும் நட்பைப் பொழுதுபோக்கு என ஒதுக்காமல் வாழ்வின் உறுப்பாகக் கொண்டனர். அண்மைக் கால ஆராய்ச்சியும் அவர்க்குச் சான்று பகர்கிறது. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938இல் தொடங்கி, 80 ஆண்டுகளுக்கும் மேலாக, 724 ஆடவரின் வாழ்வைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். செல்வத்தையும் புகழையும் விட, உற்றாரோடும் நண்பரோடும் கொண்ட நல்லுறவே முதுமையில் உடல் நலத்தோடும் மன நிறைவோடும் நெருங்கிய தொடர்புடையது என்பதே அவர்கள் கண்ட முடிவு. நரையாமைக்கு ஆந்தையார் கூறிய காரணம் இதனின்று வெகுதொலைவில் இல்லை.

ஆயின் இந்நகரில் நட்பைப் பற்றி எழுதுவோர், ஒரு கசப்பான ஆண்டைக் கடந்து செல்ல இயலாது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு 1991 டிசம்பர் 11ஆம் நாள் அரசிதழில் வெளியானது. அதனைத் தொடர்ந்து பெங்களூரில் தமிழர் வாழ்ந்த பகுதிகள் தாக்கப்பட்டன. உயிரிழந்தோர் உண்டு, குடிசையும் கடையும் இழந்தோர் பலர், இரவோடிரவாக எல்லை கடந்தோர் எண்ணிலர். எல்லைக்கு அப்பால் தமிழகத்தில் வாழ்ந்த கன்னடர் சிலரும் இடருற்றனர். அந்நாட்களில் தம் வீட்டு உள்ளறையில் தமிழ்க் குடும்பங்களை வைத்துக் காத்த கன்னட அயலாரைப் பற்றி நம் இல்லங்களில் இன்றும் பேசக் கேட்கலாம். எவர் வீட்டுக் கதவு திறந்தது என்று ஆராய்ந்தால் ஓர் உண்மை விளங்கும். கலவரத்தன்று புதிதாக அறிமுகம் செய்துகொண்டு ஒருவர் கதவைத் தட்ட முடியாது. உகாதிக்கு ஒப்பட்டு வந்ததும், பொங்கலுக்கு நாம் பொங்கல் கொடுத்ததும், காய்ச்சலுற்ற பிள்ளையை நள்ளிரவில் உடன்வந்து மருத்துவரிடம் சேர்த்ததும் ஆகிய சிறு பழக்கங்களே அக்கதவைப் பல ஆண்டுகளாகத் திறந்து வைத்திருந்தன. 'பிழைக்க வந்த இடத்தில் எவரோடு என்ன பழக்கம்?' என்று நட்பைத் தள்ளிவைத்தவர்க்குத் தட்டுவதற்கும் ஒரு கதவு இல்லாது போயிற்று. நட்பின் இன்பம் அற்பமானது என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் திருவள்ளுவர் சிலையும் இங்கு நினைவுக்கு வருகிறது. 1991இல் நிறுவப்பெற்ற அச்சிலை திறக்கப்படாமலே 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள், கருநாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதல்வர் கலைஞர் மு. கருணாநிதி அதனைத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பெற்றது. ஈரடியில் அறம் உரைத்தவரும் மூவடியில் அறம் உரைத்தவரும் இவ்வாறு ஒருவர் ஊருக்கு மற்றவர் விருந்தினராயினர். 18 ஆண்டுகளும் வள்ளுவர் அங்கேதான் இருந்தார். அவரைப் புதிதாக எங்கிருந்தும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. திரையை விலக்கினால் போதுமாயிருந்தது. நம் இல்லங்களிலும் தெருக்களிலும் உள்ள இன்பத்தின் நிலையும் அஃதே.

இறைப்பற்று

இனி இறைப்பற்றைக் காண்போம். இறைவனை வழிபடுவோர் அனைவரும் வழிபாட்டில் இன்பம் காண்கின்றனரா? பலர் கோயிலுக்கு விண்ணப்பத்தோடு செல்கின்றனர். பதவி உயர்வு, இடமாற்றம், மணவினை, வழக்கு என ஒவ்வொருவர் கையிலும் ஒரு மனு. நாள்முழுதும் விண்ணப்பங்களைக் கையாளும் எழுத்தர்க்கு ஒன்று நன்கு தெரியும்: விண்ணப்பித்து விடைக்குக் காத்திருப்பவர் முகத்தில் கவலையன்றி மகிழ்ச்சி காணல் அரிது. இறைவனையும் ஓர் அலுவலராக ஆக்கிவிட்டால், வழிபாடும் வரிசையில் நிற்பதாகவே முடியும்.

நம் முன்னோர் வேறொரு வழியும் காட்டினர். சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். அவர் பொன் கேட்டார், நெல் கேட்டார், உரிமையோடு பிணங்கவும் செய்தார். தோழனிடம் கேட்பது போலக் கேட்டார். பரவையாரின் ஊடல் தீர்க்க, இறைவனே திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் தூது நடந்தான் என்று பெரியபுராணம் கூறும். இறைவன் தோழனாகி, ஒரு வீட்டு வாயிலில் வந்து நின்றான் என்னும் இக்கதையில் இறைப்பற்றும் நட்பும் இல்லமும் ஒன்றாய்க் கலந்துவிடக் காண்கிறோம். இக்கதை தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. நாயன்மார் அறுபத்து மூவரையும் கன்னட வீரசைவர் பழைய அடியார்களெனப் போற்றினர். கி.பி. 1200ஐ ஒட்டி வாழ்ந்த கன்னடப் பெருங்கவி ஹரிஹரர், நம் சுந்தரரைப் பற்றி 'நம்பியண்ணன ரகளெ' என்னும் நூல் பாடினார். நம்பி ஆரூரர் கன்னட நாட்டில் நம்பி அண்ணன் ஆனார். தமிழ் அடியாரைத் தம் வீட்டு அண்ணனாக ஏற்ற மக்களின் நடுவே நாம் வாழ்கிறோம் என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்?

இந்நகரின் பெருவிழாவாகிய கரகமும் இதனையே கற்பிக்கிறது. தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்தோர் எனக் கருதப்பெறும் திகளர் குலத்தார், தருமராயசுவாமி கோயிலில் திரௌபதியம்மனுக்கு எடுக்கும் விழா அது. சித்திரை முழுநிலவு இரவில், பெண்கோலம் பூண்ட ஆடவர் ஒருவர் பூங்கரகத்தைத் தலையில் தாங்கி, வாளேந்திய வீரகுமாரர் சூழ ஊர்வலம் வருகிறார். வழியில் காட்டன்பேட்டையிலுள்ள தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் தங்கிச் செல்லும் மரபு உண்டு. அம்மன் விழாவின் ஊர்வலம் இசுலாமியப் பெரியார் அடக்கத்தலத்தில் நின்று செல்வதை எவரும் வியப்பாகக் கொள்வதில்லை. விண்ணப்பத்தோடு தனியே செல்வோர் பெறாத இன்பத்தை, அவ்விரவில் தெருவில் நிற்கும் திரள் பெறுகிறது. இறைப்பற்று அங்கே அயலாரையும் சேர்த்துக்கொள்கிறது.

இறைநம்பிக்கை இல்லாதார் நம்முள் இருப்பின், அவர்க்கும் ஒன்று கூறுவோம். கோப்பெருஞ்சோழன் ஆந்தையாருக்கு இடம் ஒதுக்கி வைத்தான் அல்லவா? காணாத ஒருவர்மேல் வைத்த அவ்வுறுதிக்கு நம்பிக்கை என்றே பெயர். இறைவன்பால் வைப்பினும், மனிதர்பால் வைப்பினும், 'வருவார்' என்று இடம்விட்டு வைக்கும் உள்ளத்திற்கே இன்பம் வந்து சேர்கிறது.

ஒரு தடை

'உலகில் இத்துணைத் துன்பம் இருக்க, நாம் மட்டும் இன்புற்றிருத்தல் அறமாகுமா? கடமைகள் காத்திருக்க, நட்பும் வழிபாடும் எனத் திரிதல் பொறுப்பின்மை ஆகாதா?' என்று தடை எழுப்புவோர் உண்டு. தக்க தடையே இது. இதற்கும் கோப்பெருஞ்சோழன் வரலாற்றிலேயே விடை உள்ளது. பொத்தியார் என்னும் புலவரும் அவனோடு வடக்கிருக்க விழைந்தார். அப்போது அவர் மனைவி கருவுற்றிருந்தாள். மன்னன் அவரை உடன் அமர விடவில்லை. மகன் பிறந்தபின் வருக எனத் திருப்பி அனுப்பினான். நட்பைப் பெரிதெனப் போற்றிய அவனே, பிறக்கப்போகும் மகவுக்கு முதலிடம் தந்தான். மக்களால் துயருற்ற ஒருவன், மற்றொருவன் மகனைப் பெறும் இன்பத்தை இழக்கலாகாது என எண்ணியது எத்துணைப் பெருந்தன்மை! கடமையை மறக்கச் செய்யும் இன்பத்தை யாம் பரிந்துரைக்கவில்லை. கடமையையும் இன்பத்தையும் இரு வேறு நாட்களில் வைக்காமல், ஒரே நாளில் வைத்துக் காணவே விழைகிறோம்.

துன்பத்தைப் பற்றியும் ஒரு சொல். மகிழ்ச்சியற்றவர் உலகத் துன்பத்தைக் குறைப்பதில்லை. தம் பங்கிற்கும் சிறிது கூட்டுகிறார். மாலையில் சினந்த முகத்தோடு வீடு திரும்பும் ஒருவரால் அவ்வீட்டில் நால்வரின் மாலைப்பொழுது கெடுகிறது. நிறைந்த உள்ளத்தவரிடமே பிறர்க்குக் கொடுக்க ஏதேனும் இருக்கும். அடைக்கலம் தந்த அயலாரும், நண்பனிடம் நடந்து வந்த ஆந்தையாரும் அத்தகையோரே. ஆதலின் அன்றாட இன்பத்தைக் காணும் பழக்கம், அறத்திற்கு இடையூறு செய்வதன்று. அறம் செய்வதற்கு வேண்டிய வலிமையைத் தருவது.

நோயும் பிரிவும் வறுமையும் நம் அனைவர்க்கும் வரும். அந்நாட்களில் இன்பம் மறையும்; அதில் ஐயமில்லை. ஆயினும் இறைவன்பால் ஒரு பற்று, கதவைத் தட்டத் தக்க ஒரு நண்பன், சுற்றி அமர ஒரு தாம்பாளம் ஆகிய மூன்றும் முன்பே அமைந்திருந்தால், துன்பம் வந்தபோது தாங்குவதற்கு ஆளிருக்கும். அவற்றைத் துன்பம் வந்த அன்று தேடிப் பெறல் அரிது.

ஆகவே, நண்பர்களே, ஓய்வூதியத்திற்கு வேண்டுவதைச் சேமிப்போம். மக்கள் கல்விக்கும் சேமிப்போம். நாளை மட்டும் சேமிக்க முயலாதிருப்போம். இந்த விழா முடிந்து இம்மலரைக் கையிலேந்தி இல்லம் செல்லும் மாலையிலேயே, பல நாளாகப் பேசாத ஒரு நண்பரோடு பேசுவோம். எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்தினரை அவர் மொழியில் நலம் வினவுவோம். அடுக்களையில் ஒரு வேலையை நம் கையால் செய்வோம். உறங்குமுன், ஒன்றும் கேளாமல், நாளுக்கு நன்றி மட்டும் கூறிக் கைகுவிப்போம். நம் தலை நரைத்தாலும் உள்ளம் நரையாது வாழ இவையே சாலும்.